இரும்புக் கங்காணியைக் கட்டியவன் நான்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிடவில்லை. பின்னாளில் அதே பள்ளிக்கூடத்துக்கு இரும்புக் கேட் அடித்துக் கொடுத்தவன் நான்தான். மதுரையில் சாக்கடை ஓரமாக ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை போட்டேன். வெல்டிங் மிஷின் வாடகைக்கு எடுத்தது, கரண்ட் பக்கத்து மாவு மில்லில் இரவல் வாங்கியது. அங்கிருந்து தொடங்கி, மேலூர்ப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு இரும்புக் கால் நாட்டினேன். மண் தாங்காது என்று சொன்ன ஓவர்சியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தொட்டி இன்னும் நிற்கிறது. பொருட்காட்சிக்கு ராட்டினம் செய்தேன். கல்யாண மண்டபங்களுக்குக் கூரை போட்டேன். சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல், தூக்குமேடை, ஒரு ராக்கெட் எல்லாம் செய்து கொடுத்தேன். என் ராக்கெட் பறக்காதுதான். ஆனால் தியேட்டரில் அது பறந்தபோது விசிலடித்தவர்களில் எவனுக்கும் அது தெரியாது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டியதில் ஒன்றுகூட அதுவரை விழுந்ததில்லை. கண்டிக்குப் போகும்போது நான் கொண்டுபோன சொத்து அந்தப் பேர்தான்.

டைரக்டர் தம்பி பட்டறைக்கே வந்து கதை சொன்னார். எங்கோ தூரத்தில் ஒரு கிரகம். மலை மலையாகப் பச்சைச் செடி. அந்த இலையைக் காய்ச்சினால் விண்வெளிக் கப்பலுக்கு எரிபொருள். இலை பறிக்க வேறொரு கிரகத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டது ஒரு கம்பெனி. அவர்கள் அங்கேயே பிறக்கிறார்கள், அங்கேயே சாகிறார்கள். ஆனால் எந்தக் கிரகமும் அவர்களைத் தன் ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் காவல் காக்க மூன்று மாடி உயரத்தில் ஒரு இயந்திரம். கடைசியில் ஹீரோ வானத்திலிருந்து இறங்கி அந்த இயந்திரத்தைச் சுட்டு வீழ்த்தி அவர்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுக்கிறார்.

"ஆக்‌ஷன் படம்தான் சார். ஆனா உள்ள அரசியல் இருக்கு" என்றார் தம்பி.

"அரசியல் ஒங்க பாடு, மிஷின் என் பாடு" என்றேன்.

படம் வரைந்து காட்டினார். இரண்டு கால், ஒரு உடம்பு, தலையில் விளக்கு. எங்கே நிறுத்தப் போகிறோம் என்று கேட்டேன். இலங்கையில், கண்டிக்கு மேலே, தேயிலை மலைச் சரிவில் என்றார். சரிவில் இரண்டு காலா? மனிதனே நிற்கமாட்டான். அடுப்புக்கு மூன்று கல் வைக்கிறோமே, எதற்கு? அங்கேயே பென்சிலை வாங்கி மூன்றாவது காலைப் போட்டேன். அந்தக் காலில்தான் இந்தக் கதை முழுக்க நிற்கிறது.

கண்டியில் இறங்கிய முதல் காலை, ஏரியைச் சுற்றி ஒரு நடை போனேன். வெள்ளை உடுப்பு உடுத்திய குடும்பங்கள் கையில் தாமரைப் பூவோடு, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தம் குறைவு. இதை மட்டும் மதுரைக்காரன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பஸ்? கால் ஒன்று தரையில் இருக்கும்போதே கிளம்பிவிடுகிறது. அந்த விஷயத்தில் எங்கள் ஊரைத் தோற்கடித்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பலை ஒரு கை எடுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அது துவையல் இல்லை, நெருப்பு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கதிரைய இழுத்துப் போட்டு ஆறுதலா சாப்பிடுங்க" என்றார். நாற்காலிக்கு அங்கே கதிரை என்று பேர், நிதானத்துக்கு ஆறுதல்.

இரும்பு வாங்க மடவளைக்குப் போனேன். பள்ளிவாசல் தாண்டி ஒரு சந்தில், ஜவாத் நானாவின் பழைய இரும்புக் கிடங்கு. நானா என்றால் அவர்கள் தமிழில் அண்ணன். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது, என்னைவிட இளையவர் என்றாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன். தண்டவாளத் துண்டும் லாரி அடிச்சட்டமுமாக வெயிலில் துருப்பிடித்துக் கிடந்த குவியலைக் காட்டி, "பழைய தண்டவாளமும் ஈக்கி, லொறிச் செஸியும் ஈக்கி. என்னத்துக்கு ஒங்களுக்கு?" என்றார்.

"வேற்றுக் கிரகத்துக்கு ஒரு மிஷின்."

"அப்ப தண்டவாளத்த எடுங்க. அது நம்மட கிரகத்துல நல்லா ஓடின சாமான்" என்றார்.

இரும்பைத் தட்டிப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவர் கொடுத்தது நயமான இரும்பு. கிடங்கிலேயே இயந்திரக் கால்களுக்கு முட்டிகளை அடித்து முடித்தேன். என்னோடு மதுரையிலிருந்து வந்த நாலு வெல்டர்கள் இருந்தார்கள். ஆனால் முட்டி வேலை என் கைதான். வேறு ஆளை விடமாட்டேன்.

ஜவாத் நானாவின் லொறியில் ஏற்றி, அவரும் கூட வர, படப்பிடிப்பு நடக்கும் புசல்லாவைக்குக் கிளம்பினோம். கம்பளை தாண்டி மலை ஏறும் வளைவொன்றில், முட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் லொறி திரும்பவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இரண்டு பக்கமும் பஸ் வரிசை. சனம் இறங்கி வந்து சுற்றி நின்று பார்த்தது. ஒரு சிங்களப் பெரியவர் குடையால் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது. ஜவாத் நானா எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்தக் காலுக்குச் சொந்தக்காரன் நொண்டிக்கொண்டு பின்னால வருவான், அவனுக்கும் வழி விடுங்கோ எண்டு சொல்றார்." பிறகு அந்தப் பெரியவரே பஸ் ஆட்களைச் சேர்த்து, கம்பு கொடுத்து நெம்பி, வண்டியைத் திருப்பிவிட்டார். பேர்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

இடம் அருமையான இடம். பெருந்தெருவில் இருந்து ஒதுங்கி, தேயிலை பிடுங்கிவிட்டு வெறுமனே விட்டிருந்த ஒரு சரிவு. சுற்றிலும் பச்சை. எதிர் மலையில் லயங்கள், அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அங்கே என் இயந்திரம் எழும்பியது. முதல் கால், இரண்டாம் கால், மண்ணைத் தோண்டிக் கான்கிரீட்டில் மூன்றாம் கால். ஒவ்வொன்றுக்கும் குறுக்குச் சட்டம். படத்தில் அது விழ வேண்டும் அல்லவா? அதற்கும் வழி வைத்தேன். ஒரு முட்டியில் கையளவு கனத்தில் ஒரு பின். ஹீரோ சுடும் நேரம், கயிறு சுருட்டி இழுக்கும் வின்ச் மோட்டார் அந்தப் பின்னை உருவும், முட்டி மடங்கும், நம்ம இரும்பு ஆள் சரிவில் குப்புற விழுவான்.

பாதுகாப்பு பார்க்கக் கம்பெனி கண்டியில் இருந்து ஒரு எஞ்சினியரை அமர்த்தியிருந்தது. சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை சுற்றி வந்தார்.

"வடிவாய்த்தான் கட்டியிருக்கிறியள்" என்றார்.

நான் மீசையைத் தடவினேன்.

"ஆனால் உது விழாது."

"பின்னை உருவுனா விழுகும்யா."

"என்னெண்டு விழும்? மூண்டு கால், ஒவ்வொண்டுக்கும் குறுக்குச் சட்டம், அடியில கொங்கிறீட். ஐயா, நீங்கள் மெசின் கட்டேல்லை. பாலம் கட்டியிருக்கிறியள்."

அவர் எச்சரித்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பாலம் என்று ஒரு எஞ்சினியர் வாயால் வாங்குவது லேசா?

அடுத்த நாள், கூட்டமாக நடிக்கும் ஆட்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லாரும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள், பெரும்பாலும் பெண்கள். பஸ்ஸுக்குள் பாட்டு, தப்பு மேளச் சத்தம். அவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் கோணி மாதிரி ஒரு உடுப்பு, நெற்றியில் ஒரு குண்டு பல்பு, முதுகில் நீல வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் கூடை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர் தவமணி. ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, தொண்டை மட்டும் கோயில் மணி. இயந்திரத்தின் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்க ஐயா, இந்த இரும்புக் கங்காணிய நீங்களா செஞ்சீங்க?"

தோட்டத்தில் வேலை வாங்கும் ஆளுக்குக் கங்காணி என்று பேர். என் இயந்திரத்துக்கு அன்றைக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

"ஆமாத்தா. ஏன், பயமா இருக்கா?"

"பயமா? எங்க பழைய கங்காணிக்கு இத விட மீச பெருசு."

மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கம்பெனிச் சாப்பாட்டை விட அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் காரமான கட்டச்சம்பலும் மேல். பிறகு பால் விடாத தேத்தண்ணீர். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்கிறார்கள். எங்கள் ஊரில் பால் இல்லாத டீயை வயிற்றுப்போக்குக்காரனுக்குத்தான் கொடுப்போம். நல்ல தூள் கிடைக்காதா என்று கேட்டேன். "நல்லதெல்லாம் கப்பல் ஏறிடும். எங்களுக்குக் கூட்டி அள்ளுனதுதான்" என்றார் தவமணி.

படத்தின் கதை அவர்களுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். எந்தக் கிரகமும் ஏற்றுக்கொள்ளாத ஆட்கள் என்று நான் சொன்னதும் தவமணி ரொட்டியைக் கீழே வைத்தார்.

"இது வேற கிரகம்னா சொல்றாங்க? எங்கப்பா சாகுற வரைக்கும் அவரு எந்த நாட்டு ஆளுன்னு ஒரு நாடும் சொல்லல. எனக்கு ஐடி கார்டு கையில வந்தது எம் மூத்தவ பொறந்ததுக்குப் பொறகு. எங்க கதையத்தான் மேல ஏத்தி வச்சிருக்காங்க."

"அப்ப நல்லதுதானே, ஒங்க கதை ஒலகம் பூரா ஓடுது."

"நல்லதுதாங்க. முடிவ மட்டும் ஏன் மாத்திப்புட்டாங்க? எங்களுக்கு வானத்துல இருந்து எவனும் எறங்கி வரலியே. நாங்கதான் கொழுந்து எடுக்காம ஒக்காந்தோம், கத்துனோம், அடி வாங்குனோம், வாங்க வேண்டியத வாங்குனோம்."

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "அக்கா, அந்த ஹீரோ எறங்குறப்ப கூடையோட ஏறிக்குவோமா? கொழும்புல எறக்கி விட்டுருவாரு" என்றாள். சிரிப்பு அடங்க நேரமானது.

தவமணியின் பாட்டன் ஊர் திருச்சிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். நான் பெரிய மனதோடு, ஒருமுறை வாருங்கள், கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். "அங்க எங்களுக்கு என்னாங்க இருக்கு? இங்கன நீங்க சும்மா ஒரு தடவ வாங்க, காட்டுறோம்" என்று திருப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒத்திகை. டைரக்டர் தம்பி மைக்கில் விளக்கினார். ஹீரோ வானத்தில் தெரிந்ததும் எல்லாரும் கூடையை இறக்கி வைத்து, அண்ணாந்து பார்த்து, கை கூப்பி அழ வேண்டும். பேசக் கூடாது.

தவமணி கை தூக்கினார். "தம்பி, எங்களுக்கு வசனம் ஒண்ணும் இல்லீங்களா?"

"உங்க மௌனம்தாம்மா வசனம். படத்தோட அரசியலே அதுதான்."

"அந்த வசனத்த எங்க ஆத்தா காலத்துலயே பேசி முடிச்சிட்டோம் தம்பி."

சரிவு முழுக்கச் சிரிப்பு. தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. கோபப்படவில்லை, நல்ல பிள்ளை. யோசிக்கிறேன் என்றார். ஆனால் மறுநாளும் அழுகைதான் என்று உதவியாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் அதில் தலையிடவில்லை. யார் அழுதால் எனக்கென்ன, பெரிய ஹீரோ கையால் என் இயந்திரம் விழப் போகிறது என்ற நினைப்பில் இருந்தேன்.

கடைசி நாள். மறுநாள் காலை ஹீரோ விமானம் ஏறுகிறார். விடிந்ததில் இருந்து மலையில் பனிமூட்டம். அது விலகக் காத்திருந்து, விலகியதும் எல்லாரும் ஓடினோம். ஹீரோவை வயரில் கட்டித் தூக்கினார்கள். கீழே பெண்கள் அண்ணாந்து பார்த்து, கை கூப்பி அழுதார்கள். ஹீரோ இறங்கினார், சுட்டார், துப்பாக்கியில் நீல விளக்கு எரிந்தது. வின்ச் பின்னை உருவியது. டக் என்று முட்டி மடங்கியது.

என் இயந்திரம் கொஞ்சம் குனிந்தது. பெரியவர்களைக் கண்டால் வணக்கம் வைப்போமே, அந்த அளவு. அப்படியே நின்றுவிட்டது.

ஹீரோ இன்னொரு முறை சுட்டார். நின்றது. வின்ச் கயிற்றைத் தலையில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். வின்ச் மோட்டாரில் இருந்து புகை வந்ததே தவிர இது அசையவில்லை. கண்டியில் இருந்து கிரேன் கூப்பிட்டோம். என் முட்டி மாட்டிய அதே வளைவில் கிரேனும் மாட்டிக்கொண்டது என்று போன் வந்தது. நெம்பிவிட அந்தச் சிங்களப் பெரியவர் இந்தத் தடவை இல்லை போலும்.

அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. சிவநேசன் குடைக்குள் இருந்து, "நான் முதலே சொன்னனான்" என்றார்.

எனக்கு உள்ளே ஒரு பக்கம் எரிந்தது. இன்னொரு பக்கம், உள்ளதைச் சொல்கிறேன், மீசை துடித்தது. சுட்டும் விழவில்லை பார்த்தாயா!

டைரக்டர் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, "பரவால்ல சார், விழறத கம்ப்யூட்டர்ல பண்ணிக்கலாம்" என்றார்.

அந்தச் சொல்தான் என்னைக் கொன்றது. நான் கட்டியது நிற்கும், இல்லையென்றால் விழும். இரண்டும் கெட்டு, கம்ப்யூட்டரில் எவனோ ஒருவன் பட்டனைத் தட்டி விழ வைப்பதா? அதற்கா கடல் தாண்டி வந்தேன்?

அப்போது தவமணி முன்னால் வந்தார். நெற்றிப் பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"நாங்க இழுத்துப் போடுறோம் தம்பி."

"எப்படிம்மா? மிஷினாலயே முடியல."

"காத்துக்கு மரம் சாஞ்சு ரோட்டு அடைச்சா, ஆளு வரட்டும்னு நாங்க பாத்துக்கிட்டா நிக்கிறோம்? கயித்தப் போட்டு லயத்துச் சனமெல்லாம் சேந்து இழுத்து ஓரத்துல போடுவோம். இது மொளைக்காத மரம், அவ்வளவுதானே."

தம்பி எஞ்சினியரைப் பார்த்தார். சிவநேசன் குடையை மடக்கிவிட்டு, முதல் முறையாக மழைக்குள் வந்தார். சரிவில் நடந்து, சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு போட்டார். இரண்டு கோஷ்டி, இரண்டு பக்கமும் விலகி நின்று இழுக்க வேண்டும். இயந்திரம் நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் விழும். கோட்டை ஒருவரும் தாண்டக் கூடாது. இரும்பைத் திருப்பி ஏற்றிப்போக வந்திருந்த ஜவாத் நானா, லொறியில் தார்ப்பாய் கட்டும் கயிறுகளை எல்லாம் அவிழ்த்துக் கொண்டுவந்து முறுக்கிச் சேர்த்தார்.

"ஒண்டு பாக்கி" என்றார் சிவநேசன், என்னைப் பார்த்து. "மூண்டாவது காலின்ரை சட்டங்களை வெட்டவேணும்."

"வெட்ட மாட்டேன்" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மழை கூரையில் விழுகிற மாதிரி என் இரும்பில் விழுந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷமாக நான் போட்ட வெல்டை நானே வெட்டியதில்லை. இன்னொருவன் வெட்டவும் விட்டதில்லை.

தவமணி என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்: "ஐயா, நிக்க வச்சது நீங்கதான்னு இந்த மலைக்கே தெரிஞ்சு போச்சு. துப்பாக்கிக்கு விழல, மோட்டருக்கு விழல. கம்ப்யூட்டர்ல போட்டாங்கன்னா இதெல்லாம் எவனுக்குத் தெரியும்? கொஞ்சம் தளத்தி விடுங்க, மிச்சத்த எங்ககிட்ட விடுங்க."

கிரைண்டரை வாங்கிக்கொண்டு ஏறினேன். எந்தச் சட்டம் பாரத்தைத் தாங்குகிறது, எது சும்மா அழகுக்கு என்பது கட்டியவனுக்குத்தான் தெரியும். பாரம் தாங்குவதைப் பார்த்து வெட்டினேன். முழுக்க வெட்டவில்லை. விரல் கனம் விட்டு வைத்தேன். சும்மா ஊதினால் விழுகிற மாதிரி செய்துகொடுக்க நான் என்ன பொம்மைக் கடைக்காரனா?

பெண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். தப்புக்காரர் ராமர், அவரும் சாம்பல் உடுப்பில்தான் இருந்தார், பஸ்ஸில் இருந்து தப்பை எடுத்து வந்து, தோல் விறைக்கத் தீயில் காய்ச்ச இடம் தேடினார். என் வெல்டர்கள் கேஸ் அடுப்பில் காய்ச்சிக் கொடுத்தார்கள். தவமணி கத்தினார்: "அண்ணே, பெரட்டுத் தப்ப அடிங்க!"

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற இடம். அந்தக் காலத்தில் விடியும் முன் லயத்து வாசலில் தப்படித்துத்தான் எழுப்புவார்களாம். சாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, பெரட்டுக்கு ஒரு அடி. தலைமுறை தலைமுறையாக அவர்களை வேலைக்கு விரட்டிய அந்த அடியை, அன்றைக்கு இரும்புக் கங்காணியை இழுக்க அடித்தார்கள்.

"இழுங்கடி! ஒங்க ஆத்தாளுக்கு ஒருக்கா!"

அசையவில்லை.

"அப்பனுக்கு ஒருக்கா! ஐடி இல்லாம செத்தானே, அவனுக்கு ஒருக்கா!"

என் இரும்பு முனகியது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும் புரியும்.

சவுண்டு ஆள் பதறிப்போய், "சார், அவங்க பேசுறாங்க, கிரகத்து ஆளுங்க தமிழ் பேசுறாங்க, கட் பண்ணவா?" என்றார். டைரக்டர் தம்பி அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹீரோ இடுப்பில் வயர் கட்டியபடி நின்றார். அதை அவிழ்க்க ஆளில்லை, எல்லாரும் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயர் விட்ட தூரம் வரை ஓடிவந்து, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, "இழுங்க! இழுங்க!" என்று கத்தினார்.

"எம் புள்ளைக்கு ஒருக்கா!"

விழுந்தது.

நான் கட்டியதில் முதன்முதலாக ஒன்று விழுந்தது. சிவநேசன் போட்ட இரண்டு கோட்டுக்கும் நடுவில், சேறு மேலே எழும்ப, எதிர் மலை லயங்களில் நாய்கள் எல்லாம் குரைக்க, குப்புற விழுந்தது. பிறகு அந்தப் பெண்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே, மதுரையில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வளர்ந்தவன் நான், எனக்கே காது அடைத்தது. ஜவாத் நானா, "மாஷா அல்லாஹ், நம்மட தண்டவாளம்!" என்று பக்கத்தில் நின்ற என் முதுகில் ஓங்கி அடித்தார்.

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். எல்லாம் விழுந்து கிடந்தது, ஒன்றைத் தவிர. மூன்றாவது காலின் அடிப்பாகம் ஆள் உயரத்துக்கு மண்ணில் அப்படியே நின்றது. போல்ட் ஒன்றுகூடத் தளரவில்லை. சிவநேசன் அதைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், உது நிக்கும்" என்றார். அந்த மனிதர் வாயில் இருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான், நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று மாலையே சண்டை வந்துவிட்டது. ஹீரோவின் மேனேஜர் டைரக்டர் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க சார் கீழ நின்னு கூட்டத்தோட கத்துறாரு. யாரோ கிழவிங்க மிஷினைச் சாய்க்கிறாங்க. இது யாரோட படம் தம்பி?" எடிட்டிங்கில் பார்ப்போம் என்றார் தம்பி.

நான் போய் நடுவில் நின்றேன். "தம்பி, அந்த ஷாட்டை எடுத்துட்டீங்கன்னா என் மிஷின் கம்ப்யூட்டர்ல விழுந்ததா ஆயிரும். அவரு சுட்டாரு, விழல. ஊர் பூரா பாத்துச்சு. இவங்க இழுத்தாங்க, விழுந்துச்சு. நடந்ததப் போடுங்க. இல்லேன்னா இனிமே எந்தப் படத்துக்கும் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்."

தவமணி பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னார்: "தம்பி, எங்கள அழச் சொன்னீங்க, அழுதோம். அதையும் போடுங்க. இதையும் போடுங்க. எது நெசம்னு பாக்குறவங்களுக்குத் தெரியும்." பஸ் கிளம்பிவிட்டது. தப்பு திரும்பவும் ஆரம்பித்தது.

படம் வந்தது. மதுரையில் பட்டறை ஆட்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்த ஷாட் இருந்தது! அழுகையை எடுத்துவிட்டார்கள், இழுவையை வைத்திருந்தார்கள். தவமணியின் குரல் தியேட்டரைப் பிளந்தது. ஹீரோ சுட்டும் விழாத இயந்திரம், சனங்கள் இழுத்து விழுகிறது. ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தம்பி நடந்ததையே போட்டுவிட்டார், மேனேஜரை மீறி. அதற்கு என் வணக்கம்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள்: மீட்பன் வந்து காப்பாற்றும் பழைய கதையை உடைத்த படம், ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் குரலிலேயே பேசி எழும் அரசியல் என்று. சரிதான். தம்பி பேட்டியில் சொன்னார்: இந்த முடிவுதான் முதல் நாளில் இருந்தே என் மனதில் இருந்தது என்று. தம்பி, மனதில் இருந்ததோ என்னவோ, மலையில் இருந்தது என் மூன்றாவது கால். அது மட்டும் இல்லாவிட்டால் முதல் குண்டுக்கே இயந்திரம் விழுந்திருக்கும். நீங்கள் எழுதிய அழுகைதான் படமாகியிருக்கும். அந்த அரசியலில் எஞ்சினியரே பாலம் என்று சொன்ன என் வெல்டும் சேர்த்திதான்.

கடைசியில் பேர்கள் ஓடின. சாப்பாடு போட்டவர், வண்டி ஓட்டியவர், கம்ப்யூட்டரில் மேகம் வரைந்தவர்கள் ஒரு நூறு பேர். என் பேர் இல்லை. தோட்ட மக்களுக்கு நன்றி என்று ஒரு வரி, கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

அந்த வாரமே தவமணி போன் செய்தார். புசல்லாவையில் இருந்து ஒரு பஸ் பிடித்து எல்லாரும் கண்டிக்குப் போய்ப் படம் பார்த்திருக்கிறார்கள்.

"எங்க சத்தம் அப்பிடியே இருக்குங்க ஐயா. எம் பேத்தி எந்திரிச்சு ஆடுனா."

"பெரிய ஆளாயிட்ட ஆத்தா."

"முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. நாங்க மட்டும் ஒக்காந்திருந்தோம், ஒங்க பேரு வரும்னு. பேரு ஓடிக்கிட்டே இருந்துச்சு. லைட்டப் போட்டு வெளிய போகச் சொன்னாங்க. அதுக்கு அங்கிட்டும் ஒக்காந்திருந்தோம். வரலியே ஐயா?"

அங்கே அந்தக் கால் இன்னும் இருக்கிறதா என்று பேச்சை மாற்றினேன்.

"நிக்குது, நிக்குது. அதுல கயிறு கட்டித் துணி காயப் போடுறோம். காத்தடிச்சாலும் ஆடல."

டைரக்டர் தம்பிக்கும், படம் எடுத்த கம்பெனிக்கும் இதன் மூலம் சொல்கிறேன். படம் இன்னும் டிவிக்கு வரவில்லை. நேரம் இருக்கிறது. முதலில் என் பேர் வர வேண்டும்: இயந்திரம் கட்டியவர், மதுரை முத்துக்கருப்பன். ஹீரோவின் குண்டுக்கு விழாமல் நின்றதற்காக. அதன் கீழே, இழுத்து வீழ்த்தியவர்கள் என்று போட்டு, தவமணியில் தொடங்கித் தப்படித்த ராமர் வரை ஒவ்வொருவர் பேரும். 'மற்றும் பலர்' என்று போட்டு ஏமாற்றக் கூடாது. பேர்கள் வேண்டுமானால் தவமணியிடம் கேளுங்கள், ஒரு மூச்சில் சொல்வார். கோடு போட்ட சிவநேசனையும் கயிறு கொடுத்த ஜவாத் நானாவையும் விட்டுவிடாதீர்கள்.

எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். மெதுவாக ஓடவிடுங்கள். லயத்தில் யார் வீட்டு டிவி முன்னாலாவது அவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், கடைசிப் பேர் ஓடி முடியும் வரை எழுந்திருக்க மாட்டார்கள்.